அப்ரைசலும் வேலையில் மனநிறைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் பிறந்தால் ஐடி கம்பெனியோ, வங்கியோ, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை அலுவலகமோ, கேன்டீனில் ஒரே பேச்சுதான். ரேட்டிங் வந்ததா, எத்தனை சதவீதம், யாருக்கு ப்ரொமோஷன். மேனேஜர்களுக்கு அப்ரைசல், அதாவது ஊழியரின் வருடாந்திர வேலை மதிப்பீடு, எழுதப் பயிற்சி கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. ஊழியர்களும் மேனேஜர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே பதிலோடு தருகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த ரேட்டிங்கைப் பலர் தாங்கிக்கொள்கிறார்கள். எப்படிப் போட்டார்கள் என்றே தெரியாத ரேட்டிங்கைத்தான் தாங்க முடிவதில்லை.

அப்ரைசல் என்றாலே ஏன் மனசு கெட்டுப்போகிறது?

ஒரே படிவத்தில் நாலு வேலையைத் திணிப்பதால். இன்க்ரிமென்ட் எவ்வளவு என்று அதுதான் முடிவு செய்கிறது. ப்ரொமோஷனும் அதில்தான். உங்களுக்கு என்ன பயிற்சி வேண்டும் என்பதும் அதே படிவத்தில். நாளைக்கு ஆட்குறைப்பு வந்தால் யாரை அனுப்புவது என்பதற்கும் அதே காகிதம் ஆதாரமாகிறது. இப்படி இருக்கும்போது "உங்களுடைய பலவீனம் என்ன, மனம் திறந்து சொல்லுங்கள்" என்றால் யார் சொல்வார்கள்? சொன்னால் ஹைக் (சம்பள உயர்வு) குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் மேயர், கே, ஃப்ரெஞ்ச் என்ற மூன்று ஆய்வாளர்கள் 92 ஊழியர்களின் அப்ரைசல் பேச்சுகளைப் பின்தொடர்ந்து 1965-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்த விஷயத்தில் மேனேஜர் அதிகம் குறை சொன்னாரோ, அந்த விஷயத்தில்தான் பிறகு முன்னேற்றம் குறைவாக இருந்தது. பாராட்டால் பெரிதாக நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. குறிப்பான இலக்கு வைத்துப் பேசிய இடங்களில்தான் வேலை மேம்பட்டது. அவர்கள் சொன்ன தீர்வு எளிது: சம்பளப் பேச்சு ஒரு நாள், முன்னேற்றப் பேச்சு வேறொரு நாள். அறுபது வருடம் ஆகிவிட்டது. இன்னும் பெரும்பாலான இடங்களில் இரண்டும் ஒரே அரைமணி நேரத்தில்தான் நடக்கிறது.

நன்றாக வேலை செய்தேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்போது ஏமாற்றம் தவிர்க்கவே முடியாதா?

அதே 92 பேரிடம், அப்ரைசலுக்கு முன்னால், "உங்கள் வேலை எந்த அளவில் இருக்கிறது?" என்று கேட்டார்கள். சராசரிக்குக் கீழே என்று தன்னைச் சொன்னவர்கள் இரண்டே பேர்! ஆகவே நடுத்தர ரேட்டிங் வந்தாலே முக்கால்வாசிப் பேருக்கு அடிதான்.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. வருடக் கடைசியில் வரும் செய்தி, வருடம் முழுக்கத் தெரிந்த செய்தியாக இருக்க வேண்டும். ஜூலையில் ஒரு வார்த்தை, அக்டோபரில் ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் மார்ச்சில் வரும் எண் தலையில் இடியாக இறங்காது.

நல்ல ரேட்டிங், நல்ல ஹைக் கிடைத்தால் மனநிறைவு வந்துவிடும் இல்லையா?

வரும். எத்தனை நாளுக்கு என்பதுதான் கேள்வி. ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959-ல் அமெரிக்காவில் சுமார் 200 எஞ்சினியர்களையும் கணக்காளர்களையும் பேட்டி எடுத்து ஒன்றைச் சொன்னார்: வேலையில் கசப்பை உண்டாக்குபவை வேறு, ஈடுபாட்டை உண்டாக்குபவை வேறு. சம்பளம், கம்பெனிக் கொள்கை, மேலதிகாரி நடத்தும் விதம் ஆகியவை சரியில்லை என்றால் கசப்பு வரும், சரியாக இருந்தால் கசப்பு போகும், அவ்வளவுதான். ஈடுபாடு வருவது ஒரு வேலையை முடித்த திருப்தியிலும், அதை ஒருவர் கவனித்தார் என்பதிலும், பொறுப்பு கூடுவதிலும். இந்தப் பிரிவு இவ்வளவு சுத்தமானதா என்று பின்னால் வந்தவர்கள் நிறையவே கேள்வி கேட்டார்கள். அதில் நியாயமும் உண்டு. நம் ஊரில் வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று மாதச் சம்பளத்தின் மேல் நிற்கும் குடும்பத்துக்கு ஹைக் என்பது வெறும் கசப்பு நீக்கி இல்லை.

ஆனால் ஒன்றைத் தொடர்ந்து பார்க்கிறேன். 12 சதவீதம் வாங்கியவர், பக்கத்து சீட்காரர் 14 வாங்கியது தெரிந்த அன்றே வாடிப்போகிறார். 7 சதவீதம் வாங்கியவர், ஏன் 7 என்று ஒழுங்காக விளக்கம் கிடைத்தால், அடுத்த வாரம் வழக்கம்போல வேலை பார்க்கிறார்.

ரேட்டிங்கை விட அதைப் போடும் முறை முக்கியம் என்கிறீர்கள். ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது. என்னை மிகவும் யோசிக்க வைத்த ஆய்வும் இதுதான்.

1992-ல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் நீதிமன்ற நடைமுறையை அப்ரைசலுக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். ஒருவரைத் தீர்ப்பிடும் முன் மூன்று வேண்டும் என்றார்கள். எதை வைத்து அளப்போம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர் தரப்பைக் கேட்க வேண்டும். சான்றின் பேரில் முடிவு எடுக்க வேண்டும். பிறகு 1995-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஓர் அரசு அலுவலகத்தில் ஒரு பகுதி ஊழியர்களுக்கு மட்டும் இந்த முறையில் அப்ரைசல் செய்தார்கள். மற்றவர்களுக்குப் பழைய முறை. முடிவைப் பாருங்கள்: புது முறையில் வந்தவர்களுக்கு ரேட்டிங் குறைவாகவே விழுந்தது. ஆனாலும் அப்ரைசல் நியாயமாக இருந்தது, சரியாக இருந்தது என்று சொன்னவர்கள் அவர்கள்தான். மேனேஜர் மேலும் அமைப்பின் மேலும் அவர்களுக்குத்தான் அதிக திருப்தி. குறைந்த மதிப்பெண், அதிக நிறைவு!

என்னிடம் பயிற்சிக்கு வரும் மேனேஜர்களில் பலர் இதை நம்ப மறுக்கிறார்கள். எல்லோருக்கும் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டால் பிரச்சினை தீரும் என்பது அவர்கள் எண்ணம். தீராது. தாராள ரேட்டிங் ஒரு வருடம் ஓடும். அடுத்த வருடம் பட்ஜெட் இறுகும்போது அதே ஆளுக்குக் குறைக்க வேண்டி வரும், காரணம் சொல்ல முடியாது.

பெல் கர்வ் என்கிறார்களே, அது என்ன? அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

ரேட்டிங்குகள் ஒரு மணி வடிவத்தில்தான் பரவ வேண்டும் என்று முன்கூட்டியே ஒதுக்கீடு வைப்பது. மேலே கொஞ்சம் பேர், நடுவில் பெரும்பாலோர், கீழே கொஞ்சம் பேர். ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் தலைவராக இருந்தபோது 20-70-10 என்ற கணக்கைப் புகழ்பெற வைத்தார். கீழே விழுந்த 10 சதவீதம் பேர் வெளியே போக வேண்டியிருக்கும்.

எட்டுப் பேர் கொண்ட ஒரு சப்போர்ட் டீமை எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க ஒரு எஸ்எல்ஏ (க்ளையன்ட்டுக்கு ஒப்புக்கொண்ட சேவைக் கெடு) கூடத் தவறவில்லை. க்ளையன்ட் பாராட்டு மெயில் அனுப்பியிருக்கிறார். ஆனாலும் ஒதுக்கீட்டின்படி ஒருவரைக் கீழே தள்ளியாக வேண்டும். மேனேஜர் யாரைத் தேர்ந்தெடுப்பார்? பெரும்பாலும் புதிதாக வந்தவரை. அல்லது நீண்ட விடுப்பில் போனவரை. அல்லது போன வருடம் நல்ல ரேட்டிங் வாங்கியவரை, "இந்த வருடம் இன்னொருத்தருக்கு விட்டுக்கொடுங்கள்" என்று. இதில் வேலைத் தரம் எங்கே இருக்கிறது?

அப்புறம் இன்னொரு கேடு. பக்கத்தில் இருப்பவர் ஜெயித்தால் நான் தோற்பேன் என்ற கணக்கு உள்ளே வந்துவிட்டால், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இந்தக் கட்டாயத் தரவரிசையைக் கைவிட்டபோது, டீம் ஒற்றுமையையே முக்கியக் காரணமாகச் சொன்னது.

"நான் உங்களுக்கு நாலுதான் போட்டேன், மேலே குறைத்துவிட்டார்கள்" என்கிறார் மேனேஜர். நம்பலாமா?

உண்மையாகவே இருக்கலாம். பல கம்பெனிகளில் மேனேஜர் போட்ட ரேட்டிங் நார்மலைசேஷன் அல்லது கேலிபரேஷன் என்ற கூட்டத்துக்குப் போகும். அங்கே ஐந்தாறு மேனேஜர்கள் ஒரு எக்செல் ஷீட்டை வைத்துக்கொண்டு பேசுவார்கள். "உங்கள் டீமில் நாலு வாங்கியவர்கள் அதிகம், இரண்டு பேரைக் குறையுங்கள்" என்பார் மேலே இருப்பவர். அந்த அறையில் உங்களுக்காக நின்று வாதாட உங்கள் மேனேஜரிடம் சம்பவங்கள் இருக்க வேண்டும். "நல்ல பையன் சார், கடுமையாக உழைப்பான்" என்பது அங்கே செல்லாது. "நவம்பரில் பேமென்ட் மாட்யூல் விழுந்தபோது இரவோடு இரவாக மீட்டது இவர்தான்" என்பது செல்லும்.

ஆனால் மேனேஜர் இந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். ஊழியருக்கு முன்னால் தெரியும் ஒரே முகம் அவர்தான். முடிவுக்கு அவரே பொறுப்பில்லை என்றால், ஊழியர் யாரிடம் போய்க் கேட்பார்? மேலே என்ன காரணம் சொன்னார்கள் என்பதை வாங்கிவந்து சொல்வது அவருடைய கடமை.

என் மேனேஜருக்கு என்னைப் பிடிக்காது. ரேட்டிங்கில் அது எந்த அளவுக்குப் புகும்?

நீங்கள் பயப்படுவதை விட அதிகமாக. ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் இல்லை. ஆயிரக்கணக்கான மேனேஜர்களுக்கு மற்றவர்கள் கொடுத்த மதிப்பெண்களை அலசி 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், மதிப்பெண் வேறுபாட்டில் பாதிக்கு மேல் மதிப்பிடுபவரின் தனிப்பட்ட போக்கால் வந்தது என்று தெரிந்தது. சிலர் இறுக்கமாகப் போடுவார்கள், சிலர் தாராளமாக. சிலர் பேச்சுத் திறமையைப் பார்ப்பார்கள், சிலர் நேரத்துக்கு வருவதை. அதாவது உங்கள் ரேட்டிங் உங்களைப் பற்றிச் சொல்வதில் ஒரு நல்ல பங்கு உங்கள் மேனேஜரைப் பற்றியது.

இதைத் தெரிந்துகொண்டால் ஓர் ஆறுதல் உண்டு. அந்த எண்ணை உங்கள் ஜாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கம்பெனிகளும் இதைத் தெரிந்துகொண்டு, ஒரே ஒருவரின் எண்ணை வைத்து ஒருவரை வெளியே அனுப்பாமல் இருக்க வேண்டும்.

ப்ராஜெக்ட் மோசம், க்ளையன்ட் மோசம். நான் என்ன செய்ய முடியும்?

எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கத் தர மேலாண்மை நிபுணர் தன் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். வெள்ளை மணிகளோடு சிவப்பு மணிகள் கலந்த ஒரு பெட்டி. ஐந்தில் ஒன்று சிவப்பு. வகுப்பில் சிலரை வேலைக்காரர்களாக நிறுத்தி, 50 குழி கொண்ட ஒரு மட்டையை உள்ளே விட்டு எடுக்கச் சொல்வார். சிவப்பு மணி வந்தால் குறைபாடு. குறைவாக எடுத்தவருக்குப் பாராட்டு, அதிகம் எடுத்தவருக்குத் திட்டு. அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவர் மோசமாக எடுப்பார், திட்டு வாங்கியவர் நன்றாக எடுப்பார். எல்லாம் பெட்டியில் இருக்கும் கலவை. எடுப்பவர் கையில் எதுவும் இல்லை. வருடாந்திர மதிப்பீட்டை நிர்வாகத்தின் கொடிய நோய்களில் ஒன்று என்றே சொன்னார் டெமிங்.

முழுவதும் அவர் பக்கம் நான் போக மாட்டேன். ஒருவர் கையில் இருப்பவையும் உண்டு. ஆனால் க்ளையன்ட் ப்ராஜெக்டை நிறுத்தியதால் மூன்று மாதம் பெஞ்சில் (ப்ராஜெக்ட் இல்லாமல்) உட்கார்ந்தவருக்கு "பில்லிங் இல்லை, உங்களால் க்ளையன்ட்டிடமிருந்து பணம் வரவில்லை" என்று ரேட்டிங் குறைப்பது அநியாயம். அதை அப்படியே பெயர் சொல்லி எழுதுங்கள்: எந்தத் தேதியிலிருந்து, யார் முடிவால், அந்த நாட்களில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று.

அரசு ஊழியர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லைதானே?

நன்றாகவே உண்டு. மறைத்து வைத்த மதிப்பீடு ஒருவரை என்ன செய்யும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அங்கிருந்துதான் வருகிறது.

மத்திய அரசில் நெடுங்காலம் இருந்தது சி.ஆர். என்ற ரகசிய அறிக்கை. மோசமான குறிப்பு இருந்தால் மட்டும் ஊழியருக்குச் சொல்வார்கள். மற்றவை மூடிய உறையில். எல்லைச் சாலைப் பிரிவில் எக்ஸிகியூட்டிவ் எஞ்சினியராக இருந்த தேவ் தத் என்பவருக்கு 1993-94-க்கான அறிக்கையில் "நன்று" என்று எழுதியிருந்தார்கள். நன்று என்பது நல்ல வார்த்தைதானே, எதற்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிவிக்கவில்லை. ஆனால் சூப்பரின்டெண்டிங் எஞ்சினியர் பதவிக்கு ஐந்து வருடமும் "மிக நன்று" வேண்டும் என்பது விதி. அவருடைய ஜூனியர்கள் மேலே போனார்கள், அவர் நின்ற இடத்திலேயே நின்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்து 2008 மே மாதம் தீர்ப்பானபோது அவர் ஓய்வே பெற்றுவிட்டார். மோசம், சுமார், நன்று, மிக நன்று எதுவானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் முறையிட வாய்ப்புத் தர வேண்டும் என்றது நீதிமன்றம். 2013-ல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை உறுதி செய்தது.

2009-லிருந்து மத்திய அரசில் ஏபிஏஆர் என்ற வருடாந்திர மதிப்பீட்டு அறிக்கை முழுவதையும் ஊழியருக்குக் காட்டுகிறார்கள். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். உடன்பாடு இல்லை என்றால் 15 நாட்களுக்குள் எழுதிக் கொடுக்கலாம். அந்த 15 நாளைக் கோட்டைவிடாதீர்கள். "எதற்கு வம்பு" என்று விட்டவர்கள் சிலர், ப்ரொமோஷன் குழு கூடும் நேரத்தில் அந்த ஒரு வருட மதிப்பெண்ணை நினைத்துப் புழுங்குகிறார்கள்.

குறை சொல்லாமல் எப்படித் திருத்துவது? நான் மேனேஜர், எனக்குப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதே. க்ளூகர், டினீசி என்ற இருவர் 1996-ல் அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி, 600-க்கும் மேற்பட்ட முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கருத்துச் சொல்வதால் சராசரியாக வேலை மேம்படுகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் வேலை இன்னும் மோசமாகிறது. பேச்சு வேலையைப் பற்றி இருக்கும்வரை பலன் உண்டு. ஆளைப் பற்றித் திரும்பியதும் கவனம் முழுக்கத் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில் போய்விடுகிறது.

நான் படித்த அப்ரைசல் படிவங்களில் அடிக்கடி வரும் வாக்கியம்: "இன்னும் ப்ரோஆக்டிவாக இருக்க வேண்டும்." இதை வாங்கிக்கொண்டு போகிறவர் நாளைக் காலையில் என்ன செய்வார்? இதற்குப் பதில் இப்படி: "செப்டம்பர் ரிலீஸில் டெஸ்ட் டேட்டா வரவில்லை என்று திங்கட்கிழமையே உங்களுக்குத் தெரிந்திருந்தது. க்ளையன்ட்டுக்கு மெயில் போனது வியாழக்கிழமை. அந்த மூன்று நாளில் என்ன தடையாக இருந்தது?" கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வரும். மெயில் அனுப்ப டீம் லீட் அனுமதி வேண்டும் என்று உங்களுக்கே தெரியாத ஒரு வழக்கம் அங்கே இருக்கலாம்.

செல்ஃப் அப்ரைசலில் என்ன எழுதுவது? யாரும் படிப்பதே இல்லையே.

கேலிபரேஷன் கூட்டத்துக்கு முந்தின இரவு உங்கள் மேனேஜர் படிப்பார். அவருக்கு அங்கே சொல்ல வாசகம் வேண்டும். அதை நீங்கள் எழுதிக்கொடுங்கள். "டீமுடன் நன்கு ஒத்துழைத்தேன்" என்பது வீண். "புதிதாக வந்த இருவருக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்தேன், இப்போது அவர்கள் தனியாக டிக்கெட் முடிக்கிறார்கள்" என்பது பயன். மார்ச்சில் உட்கார்ந்து யோசித்தால் ஜனவரி மட்டும்தான் ஞாபகம் வரும். பாராட்டு மெயில்களை ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், மாதம் பத்து நிமிடம் போதும்.

பெண்களில் பலர் இந்தப் பகுதியை மிகவும் அடக்கி எழுதுவதைப் பார்க்கிறேன். "நாங்கள் செய்தோம்" என்று எழுதியிருப்பார்கள், விசாரித்தால் முழுவதும் அவரே செய்திருப்பார். தயவுசெய்து "நான்" என்று எழுதுங்கள்.

மகப்பேறு விடுப்பில் இருந்த வருடத்துக்கு ரேட்டிங் குறைக்கலாமா?

முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு சட்டப்படி உங்கள் உரிமை. அந்த விடுப்பில் இருக்கும்போது உங்களைப் பாதிக்கும் வகையில் பணி நிபந்தனைகளை மாற்றக் கூடாது என்பதும் சட்டம். வேலை செய்த மாதங்களை மட்டும் வைத்து மதிப்பிடுவதும், முந்தைய வருட ரேட்டிங்கைத் தொடர்வதும் நேர்மையான வழிகள். "ஆறு மாதம் நீங்கள் இல்லையே" என்று நடுவில் தள்ளுவது நேர்மை இல்லை. விடுப்புக்குப் போகும் முன்பே, எந்த முறையில் மதிப்பிடுவார்கள் என்று ஹெச்.ஆரிடம் மெயிலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது, நீங்கள் திரும்பி வரும்போது மேனேஜரே மாறியிருக்கலாம்.

பிஐபி (வேலையைத் திருத்திக்கொள்ளக் கெடு வைக்கும் திட்டம்) போட்டுவிட்டார்கள். அவ்வளவுதானா?

சில இடங்களில் உண்மையிலேயே திருத்தத்துக்குத்தான் போடுகிறார்கள். பல இடங்களில் அது வெளியேற்றத்துக்கான காகித வேலை. இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு: இலக்குகளை எண்ணாகவும் தேதியாகவும் எழுதித் தரச் சொல்லுங்கள், வாரம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்திடச் சொல்லுங்கள். தந்தால் உழைத்துப் பாருங்கள். மழுப்பினால் வேறு வேலை தேடத் தொடங்குங்கள். எப்படியானாலும் ரெஸ்யூமே தயாராக இருக்கட்டும்.

அப்ரைசலையே எடுத்துவிட்டால் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள் இல்லையா?

அடோபி 2012-ல் வருடாந்திர அப்ரைசலை விட்டுவிட்டு, அவ்வப்போது பேசும் முறைக்குப் போனது. பிறகு பல பெரிய கம்பெனிகள் அந்த வழியில் போயின. நல்லதே. ஆனால் படிவம் போனாலும் ஹைக் யாருக்கு எவ்வளவு என்று யாரோ முடிவு செய்யத்தான் வேண்டும். காகிதம் இல்லாமல் முடிவு செய்தால் பழைய சி.ஆர். கதைதான்.

நம் நாட்டில் வேறொரு வழியை முன்பே காட்டியிருக்கிறார்கள். 1970-களின் நடுவில் லார்சன் அண்ட் டூப்ரோ தன் அப்ரைசல் முறையைச் சீரமைக்க, அகமதாபாத் ஐஐஎம்மிலிருந்து உதய் பாரீக், டி.வி. ராவ் இருவரையும் அழைத்தது. இதுவரை செய்த வேலையை மதிப்பிடுவது, அடுத்த பதவிக்குத் தகுதி உண்டா என்று பார்ப்பது, ஊழியரோடு உட்கார்ந்து பேசுவது, பயிற்சி, இவை தனித்தனி வேலைகள் என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். கம்பெனி அதை ஏற்று மனிதவள மேம்பாட்டுக்குத் தனித் துறையே தொடங்கியது. இந்தியாவில் அப்படி ஒரு துறை அதுதான் முதல்.

ரேட்டிங் பார்த்த அன்றைக்கே ராஜினாமா பேப்பர் போட்டுவிடலாம் போல இருக்கிறது.

ஒரு வாரம் பொறுங்கள். முதலில் மேனேஜரிடம் தனியாக நேரம் கேட்டு, இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்தச் சம்பவங்களை வைத்து இந்த எண், அடுத்த வருடம் இது மாற எதைப் பார்க்க வேண்டும். பதிலைக் குறித்துக்கொண்டு, "நாம் பேசியது இதுதான்" என்று அவருக்கே மெயில் போடுங்கள். அப்பீல் வழி இருந்தால் அதன் கடைசித் தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் குறுகிய அவகாசம்தான். அப்புறம் உங்கள் ஆஃபர் லெட்டரை எடுத்து நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், வேரியபிள் பே (வேலையைப் பொறுத்து மாறும் சம்பளப் பகுதி) எந்த மாதம் கணக்கில் ஏறும், ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று படியுங்கள். வேரியபிள் பே வருவதற்குச் சில நாள் முன்னால் கோபத்தில் பேப்பர் போட்டு, அந்தப் பணம் முழுவதையும் இழந்தவர்கள் உண்டு.

அந்த இரண்டு கேள்விக்கும் நேரான பதில் கிடைக்கவே இல்லை என்றால், தேடுங்கள். கையில் ஆஃபர் வந்த பிறகு போடுங்கள்.